நாஞ்சில் நாட்டின் பெயரும் எல்லையும்



பத்மநாபபுரம் அரண்மனையைக் காணச் செல்வோர், வாயிலில் நுழைவுச் சீட்டு வாங்கும்பொழுதே ஒரு புதுமையைக் காண்பர். அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அதனைச் சூழ்ந்த கோட்டைத் தெருக்கள் தமிழ்நாட்டு நகராட்சி ஒன்றின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஆனால் அரண்மனையைப் பேணிக் காப்பதும், சீட்டு வழங்குவதும் கேரள அரசின் தொல்பொருள் துறையாகும். ஒரு மாநிலத்தின் மண்ணில் மற்றொரு மாநிலத்தின் மாளிகை! இந்நிலை 1956-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஏன் ஏற்பட்டது என்று கேட்கத் தொடங்கினால், இந்நிலப்பகுதிக்கு யார் யார் என்னென்ன பெயர் இட்டனர், எவ்வெவ்விடத்தில் கோடு கிழித்தனர் என்னும் பெரிய கேள்வி நம் முன்னே வந்து நிற்கும். இன்றைய பேச்சில் அக்கேள்வியையே எடுத்துக்கொள்கின்றேன்.

முதலில் பத்மநாபபுரத்தின் பெயரைப் பார்ப்போம். இவ்வூரின் பழம்பெயர் கல்குளம். வேணாட்டு அரசர்கள் இங்கே அரண்மனை எடுத்தது 1601-ஆம் ஆண்டளவில் என்பர். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர் மண்கோட்டையைக் கற்கோட்டையாக்கி, அரண்மனையையும் விரித்துக் கட்டி, 1744-இல் தம் குலதெய்வத்தின் பெயரால் ஊருக்குப் பத்மநாபபுரம் என்று பெயரிட்டார். இதற்கு மூன்றாண்டு முன்னர்த்தான், 1741-இல், குளச்சல் கடற்கரையில் ஒல்லாந்தரை அவர் வென்றிருந்தார். பின்னர் 1750-இல் தம் நாடு முழுவதையுமே பத்மநாப சுவாமிக்கு உரியதாக எழுதிக் கொடுத்துத் தாம் அப்பெருமானின் அடியவராக நின்று ஆண்டார். ஆகவே 1744-இல் இட்ட பெயர் வெறும் அலங்காரம் அன்று. வரப்போகும் ஆட்சிமுறைக்கு ஒரு முன்னுரை எனலாம்.

அரசர் இட்ட பெயர் நிலைத்தது. ஆயினும் பழம்பெயர் அழியவில்லை. இன்றும் இவ்வூர் இருக்கும் வட்டத்திற்குக் கல்குளம் வட்டம் என்றே பெயர். அவ்வட்டத்தின் அலுவலகமோ அருகிலுள்ள தக்கலையில் இருக்கின்றது. இது கல்குளத்திற்கு மட்டும் நேர்ந்த விதி அன்று. அகத்தீசுவரம் வட்டத்தின் தலைமையிடம் நாகர்கோவில். தோவாளை வட்டத்தின் தலைமையிடம் பூதப்பாண்டி. விளவங்கோடு வட்டத்தின் தலைமையிடம் குழித்துறை. ஏன், மாவட்டத்தின் பெயரே கன்னியாகுமரி. அதன் தலைநகரோ நாகர்கோவில். பெயர் ஓரிடத்திலும் அலுவலகம் வேறோரிடத்திலும் அமைந்திருக்கும் இந்த வழக்கத்தை வகுப்பில் நான் சொல்லும்பொழுது மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கிய பின் அவர்கள் நினைவில் நிற்பது, ஊரின் செல்வாக்குத் தேய்ந்த பின்னும் அதன் பெயர் ஆட்சி ஏடுகளில் உறைந்து கிடக்கும் என்பதே.

இதனினும் வியப்பானது திருவிதாங்கோட்டின் கதை. தக்கலைக்கு அண்மையில் உள்ள சிற்றூர் அது. கல்குளத்திற்கு முன்னர் வேணாட்டரசர்களின் இருக்கையாக விளங்கியது. அவ்வூரின் பெயர் வளர்ந்து விரிந்து, கன்னியாகுமரி முதல் பெரியாற்றங்கரைக்கும் அப்பால் வரை பரந்த ஓர் இராச்சியத்தின் பெயராகித் திருவிதாங்கூர் என வழங்கிற்று. ஐரோப்பியர் நாவில் அது டிராவன்கூர் ஆயிற்று. 1949-இல் அச்சமஸ்தானம் கொச்சியோடு இணைந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, நாட்டின் பெரும்பகுதி கேரளத்திற்கும், பெயர் தந்த ஊர் தமிழ்நாட்டிற்கும் சென்றன. தன் பெயரைச் சுமக்கும் நாட்டுக்குத் தானே அயலாகி நிற்கும் ஊர் உலகில் எத்தனை இருக்கும்? பத்மநாபபுரமோ அந்நாட்டின் பழைய தலைநகர். 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறும் வரை அரசு இங்கேதான் நடந்தது.

இனி நாஞ்சில் நாட்டிற்கு வருவோம். நாஞ்சில் என்றால் கலப்பை. இப்பெயர் சங்க காலத்திலேயே உண்டு. ஆனால் அக்காலத்தில் நாஞ்சில் என்பது ஒரு மலை. அம்மலைக்குத் தலைவனாக இருந்தவனை நாஞ்சில் வள்ளுவன் என்றும், நாஞ்சில் பொருநன் என்றும் புறநானூறு குறிக்கும். ஒளவையார் அவனிடம் சமைத்த கீரைக்குத் துணையாகச் சிறிது அரிசி கேட்க, அவன் தன் தகுதியை எண்ணி ஒரு யானையையே கொடுத்துவிட்டான் என்று ஒரு பாட்டு உண்டு. கொடுப்பதிலும் ஒரு மடமை உண்டோ என்று அப்புலவர் பெருமாட்டி நகையாடுவார். இந்த வரலாற்றில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது, அரசுகள் பல தோன்றி மறைவதற்கு முன்னரே நாஞ்சில் என்னும் பெயர் இம்மண்ணில் வேரூன்றி இருந்தது என்பதாகும். அன்று பலா மரங்கள் ஓங்கிய மலைக்கு உரியதாக இருந்த பெயர், காலப்போக்கில் மலையடிவாரத்து வயல்களுக்கு இறங்கி வந்தது. கலப்பை என்னும் பொருளுக்கு வயலே பொருத்தமான இடம் என்று மக்கள் கருதினர் போலும்!

இயற்கை இந்நாட்டிற்கு நல்ல வேலி இட்டிருக்கின்றது. வடக்கே மகேந்திரகிரியைச் சார்ந்த மலைத்தொடர், மேற்கே வேளிமலை, தெற்கே கடல், கிழக்கே மலைகள் சற்று விலகி வழி விடும் ஆரல்வாய்மொழிக் கணவாய். இவற்றின் நடுவே பழையாறு ஓடி மணக்குடியில் கடலைச் சேர்கின்றது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் இங்கு எட்டிப் பார்ப்பதால் வயல்கள் இருபோகம் விளைந்தன. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்ற பெயரும் கிடைத்தது. மங்கலம் முதல் மணக்குடி வரை என்று இந்நாட்டிற்கு எல்லை சொல்லும் பழைய வழக்கும் உண்டு. இன்றைய கணக்கில் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரண்டு வட்டங்களே உண்மையான நாஞ்சில் நாடு. வேளிமலைக்கு மேற்கே உள்ள கல்குளமும் விளவங்கோடும் வேணாட்டின் பகுதிகள். அவற்றை இடைநாடு என்பர்.

அப்படியானால் பத்மநாபபுரம் நாஞ்சில் நாட்டில் உள்ளதா? கண்டிப்பாகச் சொன்னால், இல்லை. அது வேளிமலையின் மேலைப்புறத்து அடிவாரத்தில் இருக்கின்றது. ஆயினும் அரசு அலுவலர், வணிகர், பத்திரிகையாளர் எல்லோரும் இன்று மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்றே எழுதுகின்றனர். இதனைப் பிழை என்று சிவப்பு மையால் அடிக்க என் கை எழவில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

மலை பிரித்த இரு பகுதிகளையும் நீர் முன்னரே இணைத்துவிட்டது என்பதை இங்கே குறிப்பிடல் வேண்டும். மேற்கே ஓடும் பறளியாற்றை அணையிட்டுத் தடுத்து, கால்வாய் வெட்டி, அந்நீரைப் பழையாற்றில் சேர்த்த பழைய ஏற்பாட்டைப் பாண்டியன் அணை, பாண்டியன் கால் என்னும் பெயர்கள் இன்றும் நினைவூட்டுகின்றன. பின்னர் எழுந்தது புத்தன் அணை. பத்மநாபபுரத்தின் பெயரால் ஓடும் கால்வாய்க்குப் புத்தனாறு என்று பெயர். இயற்கை தந்தது பழையாறு. மனிதன் வெட்டியது புத்தனாறு. இவ்வளவு எளிய சொற்களில் ஒரு பாசன வரலாற்றை எழுதி வைத்த உழவர்களை நான் பெரும் புலவர்களாகவே மதிக்கின்றேன். 1906-இல் முடிவுற்ற பேச்சிப்பாறை அணை இவ்வேற்பாட்டை மேலும் விரிவாக்கியது.

இனி அரசர்கள் இட்ட பெயர்கள். கிரேக்க நூலாசிரியர் தாலமி, இரண்டாம் நூற்றாண்டில், ஆய் நாட்டின் தலைமை நகராகக் கோட்டாற்றைக் குறிப்பிடுகின்றார். ஆய் மன்னருக்குப் பின் பாண்டியரும் சோழரும் வந்தனர். முதலாம் இராசராசனுக்குப் பின்னர்ப் பொறித்த கல்வெட்டுகளைப் பார்த்தால், இராசராசப் பாண்டி நாட்டு உத்தம சோழ வளநாட்டு நாஞ்சி நாடு என்று பெயர் அடுக்கடுக்காக வரும். கோட்டாறு மும்முடிச் சோழ நல்லூர் ஆயிற்று. சுசீந்திரம் சுந்தர சோழச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. இவற்றுள் இன்று வழங்குவது எது? சோழப் பேரரசரின் பெயர் தாங்கிய மேற்போர்வைகள் யாவும் உதிர்ந்து போயின. உள்ளே இருந்த நாஞ்சியும், கோட்டாறும், சுசீந்திரமும் எஞ்சின. பத்மநாபபுரம் போல அரசர் இட்ட பெயர் நிலைப்பது அருமையாகவே நிகழும். நிலைத்த இடத்திலும் கல்குளம் போல ஒரு பழம்பெயர் பக்கத்தில் காவல் இருக்கும்.

மற்றொன்றையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். கன்னியாகுமரியைச் சூழ்ந்த பகுதிக்குக் கல்வெட்டுகளில் புறத்தாய நாடு என்று பெயர். ஆய் நாட்டின் புறப்பகுதி என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. புறம் என்பது யாருக்குப் புறம்? நடுவில் நிற்பவனுக்கே ஓரம் ஒன்று உண்டு. ஓரத்திலேயே வாழ்பவனுக்கு அதுதான் நடு. திருவிதாங்கூர் ஆட்சியில் இதே நிலத்திற்குத் தென் திருவிதாங்கூர் என்று பெயர். அது திருவனந்தபுரத்தில் நின்று பார்த்தவர் இட்ட பெயர். இடைநாடு என்பதும் அவ்வாறே, இரு பெரும் பகுதிகளுக்கு நடுவே பார்த்த பார்வை. நாஞ்சில் என்ற பெயர் ஒன்றுதான் திசையைச் சாராமல் மண்ணிலிருந்தே எழுந்தது.

இது நம் நாட்டிற்கே உரிய செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு எட்டுப் பாகை வடக்கே. அறுபத்தாறரைப் பாகையில் வடமுனை வட்டம் தொடங்குகின்றது. ஐரோப்பாவில் அவ்வட்டத்தைச் சார்ந்தும் அதற்கு அப்பாலும், கலைமான் மந்தைகளோடும் மீன்பிடித் தொழிலோடும் வாழ்ந்து வரும் மக்களைச் சாமி மக்கள் என்பர். நம் வழக்கிலுள்ள சாமிக்கும் இச்சொல்லுக்கும் உறவில்லை. அவர்கள் தம் நாட்டைச் சாப்மி என்று அழைக்கின்றனர். அந்நாடு இன்று நார்வே, சுவீடன், பின்லாந்து, இரசியா ஆகிய நான்கு அரசுகளுக்குள் துண்டாகிக் கிடக்கின்றது. பூகோள நூல்களில் நாம் படித்த லாப்லாந்து என்னும் பெயர் அயலார் இட்டது. லாப்பு என்ற சொல்லை அம்மக்கள் இழிவாகக் கருதுகின்றனர். நார்வேக்காரர்களோ பழங்காலத்தில் அவர்களைப் பின் என்று அழைத்து, அவர்கள் வாழும் வடகோடிக்கு ஃபின்மார்க் என்று பெயரிட்டனர். மார்க் என்றால் எல்லைப்புற நிலம். நம் புறத்தாய நாட்டுக்கு அங்கேயும் ஓர் உடன்பிறப்பு இருப்பதைப் பாருங்கள்!

இன்னும் சில ஒற்றுமைகள் உள்ளன. சுவீடனில் லாப்லாந்து என்பது பழைய நிலப்பகுதியின் பெயர் மட்டுமே. ஆட்சிப் பிரிவுகளின் பெயர்கள் வேறு. நாஞ்சில் நாடு என்ற பெயரிலும் இன்று ஒரு வட்டமோ மாவட்டமோ இல்லை அல்லவா? பின்லாந்தில் லாப்லாந்து என்று ஓர் ஆட்சிப் பிரிவே உண்டு. ஆனால் சட்டப்படி சாமி மக்களின் தாயகம் எனப்படுவது அதன் வடபகுதி மட்டுமே. பெயர் தன் நிலத்தைத் தாண்டித் தெற்கே படர்ந்துவிட்டது, நாஞ்சில் என்ற பெயர் வேளிமலையைத் தாண்டி மேற்கே படர்ந்தது போல. ஆனால் ஒரு வேறுபாட்டையும் மறக்கலாகாது. அங்கே படர்ந்தது அயலார் இட்ட பெயர். இங்கே படர்ந்தது மண்ணின் பெயர்.

மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டைத் திருவடிகளில் ஒப்படைத்ததற்கு மறு ஆண்டு, 1751-இல், டென்மார்க்-நார்வே அரசும் சுவீடனும் தமக்குள் எல்லை வகுத்துக்கொண்டன. அவ்வுடன்படிக்கையோடு ஓர் இணைப்பையும் எழுதிச் சேர்த்தனர். சாமி மக்கள் வழக்கம்போல் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தம் கலைமான்களுடன் எல்லையைக் கடக்கலாம். ஓர் அரசுக்கு மட்டும் வரி செலுத்தினால் போதும். இரு நாடுகளும் போரிட்டாலும் இவர்கள் வழி அடைபடாது. கோடு கிழித்தவர்களே, கோட்டின் குறுக்கே நடப்பவர்களையும் எண்ணிப் பார்த்த செயல் இது. ஆனால் 1852-இல், பின்லாந்து இரசியப் பேரரசின்கீழ் இருந்தபொழுது, நார்வேக்கும் பின்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லை கலைமான்களுக்கு அடைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மேய்ச்சலுக்குச் சென்ற வழி மூடுண்டதால் பல குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. 1989 முதல் நார்வேயிலும், 1993 முதல் சுவீடனிலும் அம்மக்களுக்கெனத் தனி மன்றங்கள் இயங்குகின்றன. அயலார் இட்ட பெயரை விடுத்துத் தம் பெயரைத் தாமே சொல்லும் உரிமையும் படிப்படியாக வலுப்பெற்று வருகின்றது.

நம் எல்லைக்குத் திரும்புவோம். ஆரல்வாய்மொழிக் கணவாய் பன்னெடுங்காலம் ஒரு நாட்டின் கதவாக இருந்தது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது, 1809 பிப்ரவரியில், ஆங்கிலக் கும்பினியாரின் படை அங்கிருந்த அரணை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. அதற்குப் பின்னும் 1956 வரை சமஸ்தானத்தின் எல்லை அங்கேயே இருந்தது. அக்கதவுக்கு உள்ளே வாழ்ந்த நாஞ்சில் நாட்டார் இருமுகம் உடையவர்களாக வளர்ந்தனர். வீட்டில் பேசியது தமிழ். ஆனால் நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடையே சொத்து, மகனுக்குச் செல்லாமல் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குச் செல்லும் மருமக்கள்வழி முறை நிலவியது. அது மேற்கிலிருந்து வந்தது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதன் கேடுகளை எள்ளி நகையாடி ஒரு மான்மியமே பாடினார். 1926-இல் இயற்றப்பெற்ற சட்டம் அம்முறைக்கு மாற்றம் தந்தது.

விடுதலைக்குப் பின்னர், தமிழ் பேசும் வட்டங்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்னும் கிளர்ச்சி வலுத்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும், அதன் தலைவர் நேசமணியும் அதனை முன்னின்று நடத்தினர். இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். போராட்டம் மிகக் கடுமையாக நடந்த இடங்கள் நாஞ்சில் நாட்டு வயல்வெளிகள் அல்ல. வேளிமலைக்கு மேற்கே உள்ள பகுதிகள். 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறையினர் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் தன் அறிக்கையைத் தந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் ஒன்றாகிக் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கிடைக்கவில்லை. பின்னர்க் கிள்ளியூரும் திருவட்டாறும் புதிய வட்டங்களாகப் பிரிந்து, இன்று மாவட்டத்தில் ஆறு வட்டங்கள் உள்ளன.

நாஞ்சில் என்ற பெயர் மேற்கே படர்ந்ததைப் பிழை என்று அடிக்க என் கை எழவில்லை என்றேன். காரணம் இதுதான். தென் திருவிதாங்கூர் என்ற பெயர் 1956-இல் பொருளற்றுப் போயிற்று. இடைநாடு என்பது புலவர் வழக்காக ஒதுங்கிற்று. கன்னியாகுமரி என்பதோ ஆட்சியாளர் இட்ட பெயர். அது தென்கோடி ஊர் ஒன்றையே கண்முன் நிறுத்தும். நால்வகை நிலத்து மக்களும் தம்மைச் சேர்த்துச் சொல்லிக்கொள்ள ஒரு பழம்பெயர் வேண்டியிருந்தது, அருகிலேயே ஒன்று இருந்தது, எடுத்துக்கொண்டனர். வரலாறு எழுதுவோன் பழைய எல்லையைச் சுட்டிக்காட்டலாம்; காட்டத்தான் வேண்டும். ஆனால் துப்பாக்கிக்கு முன் நின்ற ஊர்களைப் பார்த்து, உங்களுக்கு இப்பெயரில் பங்கில்லை என்று சொல்ல அவனுக்கு அதிகாரம் இல்லை.

எல்லை ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளைக்கு நகர்ந்ததும், சில பொருள்கள் இப்புறமும் சில அப்புறமும் ஆயின. நெய்யாற்று அணை கேரளத்தில் நின்றது. அதன் இடதுகரைக் கால்வாயின் கடைமடை வயல்கள் விளவங்கோட்டில் இருந்தன. 2004 முதல் அக்கால்வாயில் தமிழ்நாட்டுப் பகுதிக்கு நீர் வரவில்லை. 2012-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1751-இல் கலைமானுக்கு எழுதியது போல, வாய்க்கால் நீருக்கும் ஓர் உறுதியான இணைப்பு எழுதப்பட்டிருந்தால் கடைமடை உழவன் நீதிமன்றப் படிக்கட்டை எதிர்நோக்க வேண்டியிருந்திராது.

ஆனால் ஒரு வழி மட்டும் மூடப்படவில்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர், பத்மநாபபுரம் அரண்மனைத் தேவாரக்கெட்டிலிருந்து சரசுவதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுகின்றனர். தலைநகர் மாறிய பின்னர் ஏற்பட்ட வழக்கம் இது. சரசுவதி தேவியின் திருவுருவம் கம்பர் வழிபட்டது என்பது வழிவழி வரும் நம்பிக்கை. அரண்மனை உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறும். இரு மாநிலத்தவரும் அதற்குச் சாட்சியாக நிற்பர். ஊர்வலம் குழித்துறையில் இரவு தங்கும். மறுநாள் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக் காவலர் விடை கொடுக்க, கேரளக் காவலர் வரவேற்று முன்னே நடப்பர். விழா முடிந்ததும் மூன்று திருவுருவங்களும் நெய்யாற்றின்கரை வழியாக அதே சாலையில் திரும்பி வந்து, எல்லையைக் கடந்து, தத்தம் இருப்பிடங்களை அடைகின்றன.